ஆமைக் கொப்பி

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் அடுப்படிச் சுவரில் வெள்ளையே தெரியாது. எல்லாம் கரிக்கட்டையால் எழுதிய எண்கள். நான் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் தராசில் எத்தனை கிலோ நின்றது என்று சொல்வேன். என் புருஷன் மத்தேயு அதைச் சுவரில் எழுதுவார். தேதி கிடையாது, எந்த மலையில் எடுத்தது என்றும் கிடையாது, வெறும் எண். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருப்பதும் எங்கள் சுவரில் இருப்பதும் ஒருநாளும் ஒத்து வந்ததில்லை. தண்ணீர்க் கழிவு, கூடைக் கழிவு, முற்றல் இலைக் கழிவு என்று அவர் குறைத்துக்கொண்டே போவார். சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாது என்று தெரிந்தும் எழுதினோம். அவர் புத்தகத்தில் பொய் இருந்தால் எங்கள் சுவரிலாவது உண்மை இருக்கட்டும் என்ற வீம்பு, வேறென்ன.

அந்த வீம்பை மத்தேயு கப்பலுக்கும் கொண்டுபோனார். எங்கள் தலையில் விழுந்ததெல்லாம் அதிலிருந்துதான்.

2006ஆம் ஆண்டு கொழும்பில் ஓர் ஏஜென்சி மூலமாக வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். பூனாகலை மலையில் பிறந்து, மழைக்கால ஓடையைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத மனுஷன். சமையலுக்கு உதவியாள் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், இங்கிலீசும் தெரியும். கப்டனுக்கு அதை எழுத வராது. அதனால் கப்பலின் பதிவுப் புத்தகத்தை எழுதுகிற வேலை இவர் கைக்கு வந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூண்டில் கயிறு பல மைல் நீளம். அதில் இரண்டாயிரம் மூவாயிரம் கொக்கி. சூரை மீனுக்காகப் போட்டாலும் கொக்கிக்கு ஆள் தெரியாது. ஆமை மாட்டும், சுறா மாட்டும், இரைக்கு ஆசைப்பட்டுப் பாய்ந்த கடல்பறவை மாட்டும். இப்படிக் கேட்காமல் வந்து மாட்டுகிறவற்றுக்கென்று புத்தகத்தில் தனியாக ஒரு பத்தி உண்டு. எந்த நாள், எந்த இடம், எத்தனை, உயிரோடு விட்டதா செத்ததா என்று எழுதியே ஆக வேண்டும். சுறாவின் செட்டையை, அதாவது துடுப்பை, மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் தள்ளக் கூடாது. செட்டையின் எடை சுறா உடம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நாடுகள் சேர்ந்து போட்ட சட்டம். கப்டன் முதல் நாளே அந்தப் பத்தியைக் காட்டி, காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டாராம். பூச்சியம். அன்றைக்கு மூன்று ஆமை செத்திருந்தது. இவர் பூச்சியம் எழுதினார். வேறென்ன செய்வார்? நடுக்கடலில் இறங்கி வீட்டுக்கு வர முடியுமா?

ஆனால் இரவு படுக்கப் போகுமுன் தன்னுடைய எண்பது பக்கக் கொப்பியில், தோட்டத்துச் செக்ரோல் பேரேடு மாதிரியே கோடு போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தார். தாளின் முன்பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார். இடது பக்கம் தேதி, நேரம், வடக்கு இத்தனை கிழக்கு இத்தனை என்று கடலின் இடம். வலது பக்கம் ஆமை, சுறா, பறவை. கப்பல் புத்தகத்தில் இடத்தை எழுதுவதும் அவர்தான் என்பதால் எண்கள் கையோடு இருந்தன. பதினான்கு மாதம் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், 2008 மாசியில், கடிதம் வந்தது. அந்தக் கப்பலை ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் மறித்துப் பார்த்திருக்கிறார்கள். அடித்தட்டில் மூட்டை மூட்டையாகச் சுறாச் செட்டை. பதிவுப் புத்தகத்திலோ ஒரு சுறாகூட இல்லை. கம்பனி கையை விரித்துவிட்டது. புத்தகத்தை எழுதியது மத்தேயு என்ற இலங்கைத் தொழிலாளி, கப்டன் சொன்னதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார், கையெழுத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. பதுளையில் ஓர் அதிகாரி விசாரிப்பார். காட்ட ஏதாவது இருந்தால் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பொய்ப் பதிவு எழுதியவர் என்று பேர் பதிவாகும். எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது, வழக்கும் வரலாம்.

மத்தேயு சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பு கண்ணுக்குள் நிற்கிறது.

"எங்கிட்டதான் கொப்பி இருக்கே, புள்ள" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எந்தக் காலம் என்று யோசியுங்கள். மொனராகலைப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்துத் தமிழன் என்றால் சந்தியில் நின்று வெற்றிலை வாங்கவும் பயம். மேல் லயத்துக் கிஷாந்தனைப் பண்டாரவளையில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சட்டைப் பையில் இருந்தது ஒரு துண்டுக் காகிதம். சொந்தக்காரர் கல்யாண வீட்டுக்கு எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று யாரோ வரைந்து கொடுத்த பாதை. அந்தக் கோட்டுக்காகப் போனவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் பெண்டாட்டி சஜீவனி கிழமைக்கு ஒருதரம் அடையாள அட்டைப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையம், முகாம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வெட்கக்கேடுதான், ஆனால் செய்தேன்.

கல்யாண வீட்டுப் பாதைக்கே அந்தக் கதி. இவர் கொப்பியில் இருந்தது கடல். எந்த நாள், எந்த நிமிஷம், கடலில் எந்த இடம் என்று பதினான்கு மாதத்துக்கு, தமிழில். புலிகளோடு கடலில் சண்டை நடக்கிற காலத்தில் ஒரு தமிழன் கையில்.

"ஏங்க, இத யாராச்சும் தெறந்து பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஆமைய எங்க புடிச்சோம்னு எழுதுனது. வேற என்ன நெனைப்பாங்க?"

"ஆமைய எவன் பாக்கப் போறான்? நம்பரத்தான் பாப்பான். கிஷாந்தன் கல்யாண வீட்டுக்குப் போறேன்னு சொல்லலியா? விட்டாங்களா?"

"இந்தக் கொப்பி இல்லன்னா நான் பொய் எழுதுனவன், றீட்டா. அம்புட்டுத்தான்."

"கொப்பிய வீட்ல வச்சிட்டுப் போங்க. நடந்தத வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா யாரு நம்புவா? நம்ம செவத்த நம்புனானா கணக்கப்புள்ள?"

போட்டோப் பிரதியாவது எடுத்து வைக்கலாம் என்றார். கடைக்காரன் பார்த்துவிடுவான் என்று அதையும் நான்தான் தடுத்தேன். சோதனைச் சாவடியில் பெண்களின் பையை அவ்வளவு கிளற மாட்டார்கள், அதனால் கொப்பி என் பையில் வரட்டும் என்று முடிவானது. மறுநாள் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவர் தலைமுடி வெட்டிக்கொள்ளக் கடைவீதிக்கு இறங்கினார். நான் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எரித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். அடுப்பில் நெருப்பும் இருந்தது. ஆனால் வலது பக்கத்தைப் படித்ததும் கை ஓடவில்லை. ஆமைக்கு ஒரு வட்டம், சுறாவுக்கு முக்கோணம், பறவைக்கு இரண்டு கோடு. செத்ததற்குக் குறுக்கே வெட்டு. இடையிடையே பொடி எழுத்தில் குறிப்பு. 'பெரிய ஆமை. கொக்கி தொண்டையில். கயிற்றை வெட்டி விட்டோம். மிதந்தது, முங்கவில்லை.' 'சுறா பதினொன்று. செட்டை எடுத்து உடம்பைத் தள்ளினார்கள். உயிர் இருந்தது.' அறுபத்தொரு ஆமையை எண்ணி எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனையையும் பார்த்துவிட்டு வந்து இந்த மனுஷன் என்னிடம் ரொட்டிக்குச் சம்பல் அரைக்கச் சொன்னாரே என்று நினைத்தேன்.

எரிக்க மனசு வரவில்லை, அப்படியே கொண்டுபோகத் தைரியமும் இல்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆபத்தெல்லாம் இடது பக்கத்தில். ஆமை எங்கே செத்தால் என்ன, செத்தது செத்ததுதானே? தேதி இருந்தால் அன்றைக்குக் கடலில் என்ன நடந்தது என்று தேடுவான். இடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டும் போய்விட்டால் இது வெறும் ஆமைக் கொப்பி.

கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்து, சவர பிளேடால், நாலைந்து தாளாகச் சேர்த்து வெட்டினேன். தையலை ஒட்டி ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு, தேதியும் நேரமும் இடமும் இருந்த பகுதியை மட்டும் ஜன்னல் மாதிரி எடுத்தேன். கோடு நேராகத்தான் வந்தது. நறுக்கியதை எல்லாம் அடுப்பில் போட்டேன். பொசுக்கென்று எரிந்து போனது. கொப்பியைப் பழையபடி பொலித்தீன் பையில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது. மத்தேயுவிடம் சொல்லவில்லை. சொன்னால் போக மாட்டேன் என்பார், அல்லது என்னைத் திட்டுவார். பதுளையில் அந்த அதிகாரி ஆமைகளைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை பண்டாரவளையில் பஸ் மாறினோம். தெமோதரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மத்தேயு தூரத்தில் நின்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்காதீர்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

என்னைச் சோதித்தது ஒரு சின்ன வயசுப் பெண் பொலிஸ். பையைக் கவிழ்த்தாள். குடை, சாப்பாட்டுப் பார்சல், அடையாள அட்டை, கொப்பி. பொலித்தீனைப் பிரித்து நடுப்பக்கத்தைத் திறந்தாள். ஏதாவது ஒரு தாளை வெட்டாமல் விட்டிருந்தால்? அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது அந்த எண்ணம்தான். இது என்ன வட்டம் என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஆமை என்றேன். என் புருஷன் மீன் கப்பலில் வேலை செய்தார், தூண்டிலில் மாட்டிச் செத்த ஆமைகளைக் கணக்கு எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"அனே பவ்" என்றாள். ஐயோ பாவம் என்கிற அந்தச் சொல் அவளிடமிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு வெட்டிய ஜன்னலுக்குள் விரலை விட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்றாள்.

"பிள்ளை வெட்டி விளையாடியது" என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கொப்பியை மூடிக் கையில் தந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் மத்தேயு பெருமூச்சு விட்டார். "பாத்தியா? ஒண்ணும் சொல்லல. நீதான் வீணா பயந்த" என்றார் மெதுவாக. எனக்கு உள்ளுக்குள் பெருமை. நான் வெட்டியிராவிட்டால் இந்நேரம் நீ எங்கே இருந்திருப்பாய் மனுஷா என்று நினைத்துக்கொண்டு பதுளை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

அதிகாரியின் பேர் சரவணமுத்து. யாழ்ப்பாணத்துக்காரர், தலை நரைத்தவர். பதுளையில் கடல் ஏது? குளங்களில் மீன்குஞ்சு விடுகிற வேலைக்குப் பொறுப்பானவர். கொழும்பு கேட்டுக்கொண்டதால் வாக்குமூலம் எழுதுகிறார். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். அவருக்கும் எங்களைப் போலப் பயம்தான் என்று எனக்கு விளங்கியது. நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தார்.

"நீர் தனியாய் ஒரு கொப்பி எழுதினதெண்டு உம்மடை பதில் கடிதத்திலை கண்டன். அது கையிலை இருக்கோ?"

"இருக்கு சார்" என்றார் மத்தேயு. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இருந்தால் நீர் தப்பின மாதிரித்தான்" என்றார் சரவணமுத்து. "ஏனெண்டு சொல்லுறன். அந்தக் கப்பலிலை ஒரு கருவி பூட்டியிருக்கு. எந்த நேரம் கப்பல் எங்கை நிண்டதெண்டு அது தானாய் வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவு கொழும்பிலை இருக்கு. அதிலை ஆரும் கைவைக்கேலாது. உம்மடை கொப்பியிலை இருக்கிற நாளும் இடமும் அதோடை பொருந்தினால் போதும். நீர் கடலிலை இருந்து அப்பப்ப எழுதினதெண்டு நிரூபணம். பிறகு ஆமையையும் சுறாவையும் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது."

பை என் மடியில் இருந்தது. அதைத் திறக்காமல் எழுந்து ஓடிவிட முடியுமா என்று யோசித்தேன். காலையில் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

"குடு புள்ள" என்றார் மத்தேயு.

கொடுத்தேன். வேறென்ன செய்வது? சரவணமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தார். ஒரு தாள் புரட்டினார், இன்னொரு தாள் புரட்டினார். பிறகு பத்துத் தாளை ஒன்றாகப் புரட்டினார். மத்தேயு எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

"நாளுமில்லை, இடமுமில்லை" என்றார் சரவணமுத்து. "இதை வைச்சு ஒண்டோடையும் ஒப்பிடேலாது. இப்பிடியொரு கொப்பியை ஆரும் வீட்டிலை இருந்தே எழுதலாம் எண்டு கம்பனி சொல்லும். வெட்டினதுகள் எங்கை?"

வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் வெட்டினது? யோசிச்சுச் சொல்லும். விசாரணைக்குரிய சாமானை வேறை ஆரும் பழுதாக்கியிருந்தால் நான் பொலிசுக்கு அறிவிக்கவேணும். அவையள் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பினம். நீரே வெட்டியிருந்தால் பொலிசுக்குப் போகாது. ஆனால் அது உமக்கு எதிராய் நிக்கும். கம்பனி சொன்னது சரியெண்டு ஆகிடும்."

பொலிஸ் என்ற சொல் வந்ததுமே எனக்குச் சஜீவனியின் முகம் வந்தது. ஆனாலும் சொல்லத்தான் நினைத்தேன். நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான் சார் வெட்டுனேன்" என்றார் மத்தேயு.

"ஏன்?"

"பயத்துல சார். வழியில செக் பண்ணுவாங்க. கடல் நம்பரப் பாத்தா புடிச்சிருவாங்கன்னு அடுப்புல போட்டுட்டேன். ஆமை எங்க செத்தா என்ன, செத்தது செத்ததுதானேன்னு நெனைச்சேன்."

நான் நினைத்ததை அப்படியே சொன்னார். நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சரவணமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எனக்கு விளங்குது" என்றார். "ஆனால் விளங்கினதையெல்லாம் நான் எழுதேலாது."

வாக்குமூலத் தாளை மத்தேயுவின் பக்கம் தள்ளினார். பிடிபட்ட நாள், பிடிபட்ட இடம் என்று அதிலும் கட்டங்கள் இருந்தன. அவற்றில் மத்தேயு 'இல்லை' என்று எழுதினார். கீழே, தேதியும் இடமும் கொண்ட பகுதியை நானே அழித்தேன் என்று எழுதினார். முத்து முத்தான அதே கையெழுத்து. கப்டன் விரலால் வட்டம் போட்டுக் காட்டி எழுதவைத்த பொய்க்காவது கடலும் தூரமும் காரணம் என்று சொல்லலாம். இந்தப் பொய்யை எனக்காக, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவராகவே எழுதினார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி இறக்கினார்கள். கொப்பி சரவணமுத்துவிடம் இருந்ததால் என் பையில் ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். பண்டாரவளைக்கு வந்ததும் மத்தேயு, "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பாட்டுப் பார்சல் அப்படியே இருந்தது.

ஆவணியில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. பொய்ப் பதிவு எழுதியவர் என்று அவர் பேர். இனி எந்தக் கப்பலிலும் வேலை இல்லை. கம்பனிக்கு என்ன ஆனது என்று அதில் எழுதியிருக்கவில்லை. மத்தேயு தோட்டத்தில் பேர் கொடுத்துக் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகத் தொடங்கினார். கொப்பியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். நான் அதற்காகக் காத்துக் காத்துப் பார்த்தேன்.

பதுளைக்குப் போய்வந்த மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, "இருபத்திரண்டு" என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர் "சரி" என்றார். கரிக்கட்டையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நானே எடுத்து எழுதினேன். அன்றிலிருந்து அந்தச் சுவரில் நான்தான் எழுதுகிறேன். எண்ணுக்கு முன்னால் தேதியும், எந்த மலையில் எடுத்தது என்பதும் சேர்த்து எழுதுகிறேன். அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.